ஒரு குதிரை இழுக்கும் வீடு

ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஒன்று நாள் முழுவதும் களைத்துப்போகாமல் இழுக்கக்கூடிய விசை, அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதாவது 50 கிலோவைத் தூக்கி நிறுத்தத் தேவைப்படும் விசை. சில நிமிடங்களுக்கு இதைப் போல் சில மடங்கு அதனால் இழுத்துவிட முடியும். ஆனால் காலையில் கிளம்பி மாலை வரை நடந்தாக வேண்டும், மறுநாளும் நடக்க வேண்டும் என்றால் 50 கிலோதான் கணக்கு. இந்த ஐம்பது கிலோ விசையை நம்பி ஒரு வீடு கட்ட வேண்டும். குடும்பம் படுத்துறங்க இடம் வேண்டும், சமைக்க அடுப்பு வேண்டும், இங்கிலாந்தின் குளிரும் மழையும் உள்ளே வரக்கூடாது. விடிந்ததும் வீடு நகர வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் பிரிட்டனின் ரோமானி மக்கள் கண்ட விடைதான் வார்டோ என்ற வீட்டு வண்டி. இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறிய நடமாடும் வீடு கட்ட விரும்புகிறவர்களில் பலர் இந்த வடிவத்தைத்தான் முன்மாதிரியாக எடுத்துக்கொள்கிறார்கள். வளைந்த கூரை, செதுக்கு வேலை, சிவப்பும் பச்சையும் பொன்னிறமும் கலந்த வண்ணம் எல்லாம் அவர்களை இழுக்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வண்டியில் அழகாகத் தெரிகிற பலவும் எடை, மழை, சாலை, மூச்சுக்காற்று ஆகியவற்றோடு நடந்த நீண்ட பேரத்தில் பிறந்தவை. அந்தப் பேரம் புரியாமல் வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் வண்டி கனத்துப்போகும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கலாம்.

ரோமானி மக்களின் மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அவர்களின் முன்னோர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவின் வடமேற்குப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்கள். 1500களின் தொடக்கத்திலேயே அவர்கள் பிரிட்டனுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களிடம் வீட்டு வண்டி கிடையாது. ஹேசல் மரத்தின் இளங்கொம்புகளை வளைத்து மண்ணில் ஊன்றி, மேலே போர்வையோ துணியோ போர்த்திய கூடாரத்தில் தங்கினார்கள். சாமான்களைக் கழுதையும் குதிரையும் முதுகில் சுமந்தன. வண்டி செய்யத் தெரியாததால் அப்படி இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் காலத்துச் சேற்றுச் சாலைகளில் ஒற்றைக் குதிரையால் ஒரு வீட்டை இழுக்கவே முடியாது. ஜான் மெக்காடம் 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற பிறகு, உடைத்த சிறு கற்களைப் பரப்பி, நீர் வடிய வழி செய்து போடும் கப்பிச் சாலை நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ அதே காலத்தில், ஊர் ஊராகப் போய்க் காட்சி நடத்துகிறவர்கள் முதலில் வீட்டு வண்டிக்கு மாறினார்கள். 1840இல் சார்லஸ் டிக்கன்ஸ் தொடராக எழுதத் தொடங்கிய ‘தி ஓல்டு க்யூரியாசிட்டி ஷாப்’ நாவலில் மெழுகு பொம்மைக் காட்சி நடத்தும் ஜார்லி அம்மாளுக்கு அப்படி ஒரு வண்டி இருக்கிறது. ரோமானி குடும்பங்கள் இதைப் பரவலாக எடுத்துக்கொண்டது 1850ஐ ஒட்டி. அடுத்த எழுபது எண்பது ஆண்டுகளில் அவர்களுக்காக வண்டி செய்த பட்டறைகள் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோயின.

சாலை ஏன் அவ்வளவு முக்கியம்? வீடும் சாமானும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல கப்பிச் சாலையில் இரும்புப் பட்டை போட்ட சக்கரம் உருள, எடையில் முப்பதில் ஒரு பங்கு விசை தேவை என்று கொண்டால் 33 கிலோ வருகிறது. குதிரையின் ஐம்பதுக்குள் அது அடங்கிவிடும். சாலை சேறாகி, சக்கரம் புதைந்து, எதிர்ப்பு பத்தில் ஒரு பங்காக ஏறினால் தேவை 100 கிலோ. அங்கேயே பயணம் முடிந்தது. நல்ல சாலையிலும்கூடப் பத்தடிக்கு ஓரடி உயரும் மேடு வந்தால் எடையைத் தூக்கவே இன்னும் 100 கிலோ கூடுகிறது. அதனால்தான் மேடுகளில் ஏர்க்காலுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரையைக் கயிற்றால் பூட்டிக்கொள்வார்கள். நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் இறங்கி நடப்பார்கள். ஏறும்போது பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சிறு மர உருளை சங்கிலியில் தொங்கியபடி உருண்டு வரும். குதிரை மூச்சு வாங்க நின்றால் வண்டி பின்னால் நழுவாமல் அது தடுத்துக்கொள்ளும். இறக்கத்தில் இதற்கு நேரெதிர்ச் சிக்கல். அப்போது ஒரு சக்கரத்தின் அடியில் இரும்புச் செருப்பு ஒன்றை மாட்டிவிடுவார்கள். அந்தச் சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே இறங்கும். குதிரையின் பின்னங்கால்கள் தாங்க வேண்டிய பாரத்தைச் சாலையின் உராய்வு வாங்கிக்கொள்ளும்.

சக்கரம் பெரிதானால் இழுப்பது எளிது என்பது வண்டி ஓட்டிய எவருக்கும் தெரியும். எவ்வளவு எளிது என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். சாலையில் 5 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல் கிடக்கிறது. அரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் அதில் ஏற வேண்டுமானால், தன் மேலிருக்கும் பாரத்தில் முக்கால் பங்கு விசை அச்சில் கிடைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரத்துக்கு 38 சதவீதம் போதும். ஏறத்தாழப் பாதி! ஏறும் அந்தக் கணத்தில் சக்கரம் கல்லின் முனையை ஆதாரமாகக் கொண்ட ஒரு நெம்புகோலாகிவிடுகிறது. ஆரம் கூடக் கூட, இழுக்கும் விசைக்குக் கிடைக்கும் கைநீளம் பாரத்தின் கைநீளத்தைவிட வேகமாக வளர்கிறது. புதைமண்ணிலும் பெரிய சக்கரம் குறைவாகவே புதையும்.

அப்படியானால் நான்கு சக்கரமும் பெரிதாக இருக்கலாமே? வண்டி திரும்ப வேண்டுமே. முன் அச்சு ஒரு சுழல் தட்டின் மேல் அமர்ந்திருக்கிறது. திரும்பும்போது முன்சக்கரம் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நுழைய வேண்டும். ஆகவே முன்சக்கரம் சிறியது, பின்சக்கரம் பெரியது. பெர்க்‌ஷயரில் ரெடிங் நகரத்து டன்டன் பட்டறை பெயர் வாங்கிக் கொடுத்த ‘ரெடிங்’ வகை வண்டியில் பின்சக்கரம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், முன்சக்கரம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

ஒன்றரை மீட்டர்ச் சக்கரம் வீட்டின் வடிவத்தையே மாற்றுகிறது. வீட்டைச் சக்கரத்துக்கு மேலே தூக்கி வைத்தால் ஈர்ப்பு மையம் உயர்ந்து, பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கினாலே கவிழ்ந்துவிடும். ஆகவே ரெடிங் வண்டியில் வீடு சக்கரங்களுக்கு நடுவே தாழ இறங்கி நிற்கிறது. தரை குறுகல். சுவர்கள் மேலே போகப் போக வெளிப்பக்கம் சாய்கின்றன. இந்தச் சாய்வால் தோளுக்கும் கைக்கும் இடம் கிடைக்கிறது. கூரை விளிம்பிலிருந்து சொட்டும் மழை சுவரில் படாமல் தள்ளி விழுகிறது. ‘லெட்ஜ்’ வகையில் சுவர் சக்கரத்தின் மட்டத்துக்கு வந்ததும் படியாக வெளியே நீண்டு, அடியில் முட்டுக் கொடுத்து நிற்கும். அந்தப் படி உள்ளே ஒரு திண்டாகிவிடும். காட்சி நடத்துகிறவர்கள் விரும்பிய ‘பர்ட்டன்’ வண்டியில் சக்கரங்கள் சிறியவை, வீட்டுக்கு அடியிலேயே அடங்கிவிடும், உள்ளே இடம் தாராளம். நல்ல சாலையில் ஊருக்கு ஊர் போகிறவர்களுக்கு அது சரி. வயல் வரப்பிலும் பொதுப் புல்வெளியிலும் தங்குகிறவர்களுக்கு உதவாது. எந்த வண்டியைப் பார்த்தாலும் அதன் சக்கரம் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே, அது எந்த மாதிரித் தரையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்று சொல்லிவிடலாம்.

இனி சக்கரத்துக்கே வருவோம். ஒரு சக்கரத்தில் மூன்று மரங்கள். நடுவிலிருக்கும் குடம் எல்ம் மரம், ஆரக்கால்கள் ஓக், விளிம்பின் வட்டைகள் ஆஷ். இந்தத் தேர்வு வசதிக்காக நடந்ததல்ல. குடத்தின் நடுவே அச்சுக்குத் துளை போட வேண்டும், சுற்றிலும் பன்னிரண்டோ பதினான்கோ துளை பொளிந்து ஆரக்கால்களை அறைந்து இறக்க வேண்டும். சாதாரண மரம் அந்த அடியில் பிளந்துபோகும். எல்ம் மரத்தின் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் பிளவு போக வழியில்லை. ஆரக்காலுக்கு இதற்கு நேர்மாறான குணம் வேண்டும். நார் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். அதனால் ஓக்கை ரம்பத்தால் அறுக்க மாட்டார்கள், ஆப்பு வைத்துப் பிளப்பார்கள். ரம்பம் நாரை வெட்டிக்கொண்டு போகும். பிளவோ நாரைப் பின்தொடர்ந்தே போகும். வட்டைக்கு அதிர்ச்சியைத் தாங்கி மீளும் ஆஷ். ஒரு வட்டை இரண்டு ஆரக்கால்களைப் பிடிக்கும். எனவே பதினான்கு ஆரக்கால் சக்கரத்துக்கு ஏழு வட்டைகள். நம் மாட்டுவண்டிக்குத் தச்சர்கள் கருவேல மரத்தைத் தேடிப் போனதும் இதே போன்ற கணக்கில்தான்.

எல்லா மரமும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் சுருங்குகிறது. அதிலும் வளைய வாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் ஆர வாக்கில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வட்டமாகக் கடைந்த பச்சைக் குடம் காய்ந்ததும் முட்டை வடிவமாகிவிடும், துளைகள் அகலும், ஆரக்கால்கள் ஆடும். பலகையை ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்ற கணக்கில் காற்றில் காயவிடுவது பழைய வழக்கம். குடத்துக்கான கட்டைகளுக்கு அதைவிட எவ்வளவோ அதிகப் பொறுமை வேண்டும். தகப்பன் வெட்டி அடுக்கிய மரத்தை மகன் எடுத்து வேலை செய்த பட்டறைகள் உண்டு.

அடுத்தது பட்டை ஏற்றும் வேலை. மரச் சக்கரம் தயாரானதும் கொல்லர் அதன் சுற்றளவை ஒரு சிறு உருளைக் கருவியால் அளப்பார். இரும்புப் பட்டையை அதைவிடச் சற்றுக் குறைவாக வளைத்துப் பற்றவைப்பார். குளிர்ந்த நிலையில் அந்த வளையம் சக்கரத்தில் ஏறவே ஏறாது. அதை நெருப்பில் போட்டுச் செந்நிறம் வரும்வரை காய்ச்சுவார்கள். இரும்பு ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 1.2 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு 3.77 மீட்டர். வெப்பம் 600 டிகிரி கூடினால் பட்டை சுமார் 27 மில்லிமீட்டர் நீளும். அந்த 27 மில்லிமீட்டருக்குள்தான் இந்த வித்தை முழுக்க அடங்கியிருக்கிறது. இரண்டு மூன்று பேர் நீண்ட இடுக்கிகளால் வளையத்தைத் தூக்கிவந்து, தரையில் ஒரு வட்ட இரும்புத் தகட்டின் மேல் திருகி வைத்த சக்கரத்தின் மீது இறக்குவார்கள். பட்டை பட்ட இடமெல்லாம் மரம் பற்றிக்கொண்டு எரியும், புகை கண்ணை மறைக்கும். சம்மட்டியால் நாலாபக்கமும் தட்டி இறக்கியவுடன் வாளி வாளியாகத் தண்ணீரைக் கொட்டுவார்கள். ஆவி சீறும். அந்த ஆவிக்குள்ளிருந்து மரம் முனகுகிற ஓசை வரும். தளர்ந்து கிடந்த கழுந்துகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் துளைக்குள் இறுகுகிற சத்தம் அது. சில நிமிடங்களுக்கு முன் கையால் ஆட்டினால் ஆடிய முப்பது சொச்சம் மூட்டுகளும் ஒரே பொருளாகிவிடும். பசை இல்லை, ஆணியின் தேவையும் அநேகமாக இல்லை.

நம் ஊர்களிலும் வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றியது இதே முறையில்தான். எருவாட்டியை வட்டமாக அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டையைக் காய்ச்சி, சக்கரத்தில் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு நாட்டுக் கொல்லர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரும்பு எங்கும் ஒரே மாதிரிதான் விரிகிறது.

வார்டோவின் சக்கரத்தை எதிரே நின்று பார்த்தால் அது தட்டையாக இருக்காது. ஆரக்கால்கள் குடத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து, சக்கரம் ஆழமில்லாத கிண்ணமாகக் குழிந்திருக்கும். ஏன்? இங்கிலாந்தின் ஃபார்னம் ஊரில் வண்டிப் பட்டறை நடத்திய ஜார்ஜ் ஸ்டர்ட், 1923இல் வெளிவந்த ‘தி வீல்ரைட்ஸ் ஷாப்’ நூலில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1884இல் தந்தை இறந்ததும் பட்டறையை ஏற்றுக்கொண்டவர் அவர். பட்டறையில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் சக்கரம் குழிந்திருக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. குதிரை நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் அதன் உடல் இடமும் வலமும் அசைகிறது, அந்த அசைவு பாரத்துக்கும் வந்து, அச்சு ஒரு முறை இந்தச் சக்கரத்தின் குடத்தையும் மறுமுறை அந்தச் சக்கரத்தின் குடத்தையும் வெளியே தள்ளுகிறது என்பதைப் பின்னால் அவரே யோசித்துக் கண்டுகொண்டார். தட்டையான சக்கரம் அந்தத் தள்ளலில் நாளடைவில் வெளிப்பக்கம் பிதுங்கிவிடும். குழிந்த சக்கரத்திலோ குடம் வெளியே வர முயன்றால் ஆரக்கால்கள் நேராக நிமிர வேண்டும். நிமிர்ந்தால் விளிம்பு பெரிதாக வேண்டும். விளிம்பை இரும்புப் பட்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆக, பக்கவாட்டுத் தள்ளல் முழுவதும் பட்டையின் இழுவிசையாக மாறி அடங்கிவிடுகிறது.

குழிந்த சக்கரத்தின் சாய்ந்த ஆரக்கால் பாரத்தை எப்படி நேராகத் தாங்கும்? அச்சின் முனையைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்துவிடுவார்கள். தரையைத் தொடும் ஆரக்கால் அப்போது செங்குத்தாக நிற்கும். மேலே இருப்பது இரண்டு மடங்கு வெளியே சாயும். அந்தச் சாய்வுக்கு ஒத்துப்போகத்தான் ரெடிங் வண்டியின் சுவரும் வெளியே சாய்கிறது. குதிரையின் நடையில் தொடங்கிய ஒரு காரணம் வீட்டின் சுவர் வரை வந்து சேர்வதைப் பாருங்கள். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சக்கரத்தில் எடையைக் குறைக்க முடியாது. மற்ற எல்லா இடத்திலும் குறைத்தார்கள். சட்டக் கட்டைகளின் விளிம்புகளை மூட்டுக்கு மூட்டு நடுவே சாய்த்துச் சீவிவிடுவார்கள். ஐந்து சென்டிமீட்டர்ச் சதுரக் கட்டையில் நான்கு முனைகளையும் ஒரு சென்டிமீட்டர் சீவினால் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு போய்விடும். துளை பொளிந்து ஏற்கனவே மெலிந்திருக்கும் மூட்டுப் பகுதியைத் தொட மாட்டார்கள். உடைந்தால் அங்கேதான் உடையும். நடுப்பகுதியில் தேவைக்கு மேலேயே மரம் இருக்கிறது. சீவிய இடங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் பூசி எடுத்துக்காட்டியதால், பின்னால் வந்தவர்களுக்கு அது அலங்காரமாகத் தெரிந்தது. சுவருக்கு, காடி எடுத்து ஒன்றுக்குள் ஒன்று செருகிய மெல்லிய பைன் பலகைகள். ஈரத்தில் பலகை ஊதினாலும் வெயிலில் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும், இடைவெளி விழாது.

எடைக் குறைப்பின் எல்லையைத் தொட்டது ‘போ-டாப்’. லீட்ஸ் அருகே ராத்வெல் ஹேக் ஊரின் பில் ரைட் இதில் பேர்பெற்றவர். வளைத்த மரச் சட்டங்களின் மேல் கான்வாஸ் துணியை இழுத்துக் கட்டி, உள்ளே கம்பளியால் ஓர் அடுக்கு. பார்த்தால் நம் கூண்டு வண்டி போலவே இருக்கும். மேல்பகுதி துணி என்பதால் ஈர்ப்பு மையம் தாழ இறங்கிவிடுகிறது. உருண்ட கூரையில் பக்கக் காற்று மோதி நிற்காமல் வழுக்கிப் போகிறது. சக்கர இடைவெளி ஒன்றரை மீட்டர், ஈர்ப்பு மையம் 1.3 மீட்டர் உயரத்தில் என்றால் வண்டி 30 டிகிரி சாய்ந்ததும் கவிழும். அதே மையம் ஒரு மீட்டருக்கு இறங்கினால் 37 டிகிரி வரை தாங்கும். காட்டுப் பாதையில் அந்த ஏழு டிகிரி ஒரு குடும்பத்தின் உயிர்.

எடையைப் பற்றிக் கவலைப்படாதவரும் ஒருவர் இருந்தார். ஸ்காட்லாந்துக்காரரான கார்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படை மருத்துவராக இருந்து எழுத்தாளரானவர். 1885இல் பிரிஸ்டல் வேகன் ஒர்க்ஸ் நிறுவனத்திடம் சொல்லி ‘வாண்டரர்’ என்ற பெரிய வீட்டு வண்டியைச் செய்வித்தார். ஐந்தரை மீட்டர் நீளம், ஏறத்தாழ 2 டன் எடை, இரண்டு குதிரைகள். ட்வைஃபோர்டிலிருந்து இன்வர்னஸ் வரை அதில் போனார். வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே போய்ப் பாதை பார்த்துச் சொல்வார். பொழுதுபோக்குக்காக வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் பழக்கம் பிரிட்டனில் அவரிடமிருந்து தொடங்கியது என்று சொல்வார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது உல்லாச வண்டி. ரோமானி குடும்பத்துக்கு வண்டிதான் இருந்த ஒரே வீடு.

உள்ளே போவோம். கதவு முன்பக்கம், குதிரையின் பின்னால். பின்கோடியில் குறுக்காகக் கட்டில், அதன் அடியில் இழுகதவு போட்ட இன்னொரு படுக்கை குழந்தைகளுக்கு. நுழைந்ததும் இடப்பக்கம் வார்ப்பிரும்பு அடுப்பு. எப்போதும் இடப்பக்கம்தான். பிரிட்டனில் வண்டிகள் சாலையின் இடப்புறம் போகும், ஓர மரங்களின் கிளைகள் அந்தப் பக்கம் தாழ்ந்து நிற்கும். முன்கதவு வழியாக உள்ளே பார்த்து நுழைகிறவரின் இடக்கை, வண்டி போகும் திசையில் வலப்பக்கம், அதாவது சாலையின் நடுப்பக்கம். புகைபோக்கி அங்கே இருந்தால் கிளையில் இடிக்காது.

புதிதாகக் கட்டுகிறவர்கள் குளிருக்குத்தான் பயப்படுகிறார்கள். அவர்கள் பயப்பட வேண்டியது தண்ணீருக்கு, அதுவும் தாங்களே வெளியிடும் தண்ணீருக்கு. தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவியை வெளியிடுகிறார். இருவர் எட்டு மணி நேரம் தூங்கினால் 640 கிராம். மூன்று மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள வண்டியில் இருக்கும் காற்று 11 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் நீராவிக்கு மேல் தாங்காது. வண்டி முழுவதற்கும் 190 கிராம்கூட இல்லை. அடுப்பு அணைந்து காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 100 கிராம்தான். மீதியெல்லாம் சன்னல் கண்ணாடியிலும் பலகை இடுக்கிலும் மெத்தையின் அடியிலும் நீராகப் படியும். சில வாரங்களில் பூஞ்சை, சில ஆண்டுகளில் சட்டம் உளுத்துப்போகும்.

வெளியே 5 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று கன மீட்டருக்கு 7 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீராவி வைத்திருக்கும். அதை உள்ளே விட்டு 18 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டாமல் இன்னும் 4 கிராமைத் தூக்கிக்கொண்டு வெளியேற முடியும். மணிக்கு 80 கிராமை அகற்ற 20 கன மீட்டர் காற்று வேண்டும். அதாவது ஒரு மணி நேரத்தில் வண்டியின் காற்று முழுவதும் இரண்டு முறை மாற வேண்டும். பழைய வண்டியில் இதற்கு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று அடுப்பே. ஒரு கிலோ விறகு எரியக் கணக்குப்படி 5 கன மீட்டர் காற்று போதும், நடைமுறையில் அதைப் போல் இரண்டு மடங்கு புகைபோக்கி வழியாகப் போகும். எரிகிற வரை அடுப்பு தானாகவே வீட்டின் காற்றை மாற்றிக்கொண்டிருக்கும். அடுப்பு அணைந்த பிறகு, ரெடிங் வண்டியின் கூரை நடுவில் நீளவாக்கில் உயர்ந்து நிற்கும் மாடக்கூரையின் சிறு சன்னல்கள் அந்த வேலையைத் தொடரும். சூடான ஈரக் காற்று மேலே எழுந்து அதன் வழியே வெளியேறும். வெளிச்சத்துக்காக வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சமும் வருகிறதுதான்.

இன்று இதே வடிவத்தைக் கட்டுகிறவர்கள் விறகடுப்போடு எரிவாயு அடுப்பும் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உண்டாகும். இது வேதியியல் கணக்கு, தப்ப வழியில்லை. குளிருக்குப் பயந்து எல்லா இடுக்கையும் நுரை வைத்து அடைத்துவிட்டால் ஈரத்தோடு இன்னோர் ஆபத்தும் உள்ளே சிக்கிக்கொள்ளும். காற்று போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மணமும் நிறமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். 11 கன மீட்டர் வீட்டில் அது சேர அதிக நேரம் ஆகாது. அடைக்க முடியாத நிலையான காற்றுத் துளை தரை மட்டத்தில் ஒன்று, கூரையருகே ஒன்று, கூடவே எச்சரிக்கைக் கருவி ஒன்று. கட்டில் அளவைத் தீர்மானிப்பதற்கு முன்பே இவற்றைத் தீர்மானித்துவிடுங்கள்.

குதிரைக்குப் பதில் கார் இழுத்தால் எடைக் கணக்கு தேவையில்லையா? தேவைதான். சுவர், கூரை, தரை எல்லாம் சேர்த்து 31 சதுர மீட்டர்ப் பரப்பு வரும். கன மீட்டருக்கு 500 கிலோ எடையுள்ள பைன் பலகை 12 மில்லிமீட்டரில் 186 கிலோ. அதையே 18 மில்லிமீட்டராக்கினால் 279. ஆறு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு தடித்த ஆளின் எடை கூடிவிடுகிறது. பிரிட்டனில் 750 கிலோவைத் தாண்டிய இழுவண்டிக்குத் தனி பிரேக் கட்டாயம். எடை எங்கே இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். வண்டியின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் காரின் கொக்கியில் அழுந்த வேண்டும். அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் பின்கோடியில் வைத்துவிட்டால் வேகத்தில் வண்டி வாலாட்டத் தொடங்கும். ஒருமுறை தொடங்கிய ஆட்டம் தானே வளர்ந்து காரையும் சாய்த்துவிடும்.

ரோமானி மக்களிடம் பழைய வார்டோக்கள் அதிகம் மிஞ்சவில்லை. உரிமையாளர் இறந்ததும் அவருடைய வண்டியை உடைமைகளோடு எரிப்பது பல குடும்பங்களில் வழக்கம். சட்டமும் அவர்களை விடவில்லை. 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே சாலையோரம் தங்கும் ஜிப்சிகளுக்குத் தண்டனை எழுதப்பட்டிருந்தது. உள்ளூர் மன்றங்கள் அவர்களுக்குத் தங்குமிடம் ஒதுக்க வேண்டும் என்று 1968இல் வந்த கடமையை 1994இல் எடுத்துவிட்டார்கள். 2022இல் மீண்டும் ஒரு கடுமையான சட்டம். அவர்கள் வடிவமைத்த வீட்டை ஊரெல்லாம் வாரக்கடைசி விடுதியாக ரசிக்கும்போது, அந்த வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு நிறுத்த இடமில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம். ஜூன் மாதத்தில் கம்ப்ரியாவின் ஆப்பிள்பி குதிரைச் சந்தைக்கு இன்னமும் போ-டாப் வண்டிகள் ஓடிவருகின்றன என்பதே ஆறுதல்.

பழைய முறையில் சக்கரம் முதல் கூரை வரை செய்ய விரும்புகிறவர்களுக்கு இன்று மரம்தான் பெரிய சிக்கல். 1970களில் பரவிய டச்சு எல்ம் நோய் பிரிட்டனில் இரண்டு கோடிக்கும் மேற்பட்ட எல்ம் மரங்களைக் கொன்றது. ஆஷ் மரத்தை வாட்டும் பூஞ்சை நோய் அங்கே 2012இல் உறுதி செய்யப்பட்டது. சிறு விகித மரங்கள் மட்டுமே அதைத் தாக்குப்பிடிக்கின்றன. விழுந்துவிடும் என்ற பயத்தில் சாலையோர ஆஷ் மரங்களை வெட்டி, பெரும்பகுதியை விறகாக விற்றுவிடுகிறார்கள். வட்டைக்கும் வளைச்சட்டத்துக்கும் மரம் தேடுகிறவர் அங்கே போய்க் கேட்கலாம். ஆனால் நின்றபடியே பட்டுப்போன மரம் வேண்டாம், அது நொறுங்கும். நோய் தொற்றியும் இலை இன்னும் நிறைந்திருக்கும்போதே வெட்டிய மரமாகப் பார்த்து, நார் நேராக ஓடுகிற அடிமரத்தைத் தேர்ந்து, ஆப்பு வைத்துப் பிளந்து, நிழலில் அடுக்கி, மூன்று நான்கு ஆண்டு காயவிட வேண்டும்.